லோபபெய்சா, லூசகோஃப்டே, ஃபேர் ஐல்: ஒரு நீண்ட குளிர்காலத்துக்கு எந்த ஸ்வெட்டர்?

நவம்பரில் ஊசியில் கண்ணி ஏற்றி, குளிர் போவதற்குள் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு ஸ்வெட்டரைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மார்பில் வரும் கோலத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால்தான் பாதி ஸ்வெட்டர்கள் பிப்ரவரியில் பைக்குள் போய்விடுகின்றன. கோலம் பிடித்திருக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: மொத்தம் எத்தனை கண்ணி, சிரமமான வேலை எந்தக் கட்டத்தில் வருகிறது, தப்பு நடந்தால் எவ்வளவு பிரிக்க வேண்டியிருக்கும்.

இங்கே ஒப்பிடுவது வடக்கின் மூன்று மரபுகளை. ஐஸ்லாந்தின் லோபபெய்சா, கழுத்தைச் சுற்றி வட்டமாகக் கோலம் வருவது. நார்வேயின் லூசகோஃப்டே, செட்டெஸ்டால் பள்ளத்தாக்கிலிருந்து வந்த, கறுப்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த மாதிரி. ஷெட்லாந்துத் தீவுகளின் ஃபேர் ஐல், உடல் முழுக்கப் பட்டை பட்டையாக நிறம் மாறுவது. மூன்றும் வட்ட ஊசியில் குழாய் போலச் சுற்றிச் சுற்றிப் பின்னப்படுபவை. வெளிப்பக்கம் எப்போதும் நம்மைப் பார்த்தே இருக்கும். ரிப் (இழுபடும் ஓரப்பட்டை) பகுதியைத் தாண்டினால் பர்ல் கண்ணிக்கு, அதாவது உள்பக்கத்தைப் பார்த்துப் போடும் மறுகண்ணிக்கு, அநேகமாக வேலையில்லை. ஒத்துப்போவது அவ்வளவுதான்.

கணக்கு

மார்பளவு 100 செ.மீ. வரும் ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொள்வோம். நீளம், கை, கழுத்து எல்லாம் சேர்த்துத் தோராயமாகக் கணக்கிட்டால்:

ஐஸ்லாந்தின் தடித்த கம்பளி நூலான ஆலாஃபோஸ் லோப்பி (100 கிராம் உருண்டையில் 100 மீட்டர், 10 செ.மீ.க்கு 13 கண்ணி): ஏறக்குறைய 21,000 கண்ணி.
அதைவிட மெல்லிய லெட்லோப்பி (50 கிராமில் 100 மீட்டர், 10 செ.மீ.க்கு 18 கண்ணி): 39,000.
நார்வேயின் ஹைலோ நூல் (50 கிராமில் 100 மீட்டர், 24 கண்ணி): 65,000.
ஷெட்லாந்தின் இரண்டிழை ஜம்ப்பர் நூல் (25 கிராமில் 115 மீட்டர், 30 கண்ணி): 89,000.

ஒற்றை நிறத்தில் நிமிடத்துக்கு 25 கண்ணி, இரு நிறத்தில் 20 என்பது நிதானமான வேகம். உடலும் கையும் பெரும்பாலும் ஒரே நிறம் என்பதால் லெட்லோப்பி 26 மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். நார்வே 54, ஃபேர் ஐல் 74. தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் லெட்லோப்பி ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். கடைசியது குளிர்காலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் தடித்த ஆலாஃபோஸே நல்லதில்லையா? புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை அதுதான்: தடித்த நூலில் சீக்கிரம் முடியும். எனக்கு இதில் உடன்பாடில்லை. 10 செ.மீ.க்கு ஒரே ஒரு கண்ணி குறைந்தால் என்னவாகும் என்று பாருங்கள். 13க்குப் பதில் 12 வந்தால் 130 கண்ணி 108 செ.மீ. ஆகிவிடும், எட்டு செ.மீ. பிசகு. லெட்லோப்பியில் 18க்கு 17 வந்தால் ஆறு செ.மீ. ஷெட்லாந்து நூலில் 30க்கு 29 வந்தால் மூன்றரைதான். கைப்பக்குவம் இன்னும் நிலைப்படாதவருக்கு நூல் தடிக்கத் தடிக்கத் தண்டனை கூடுகிறது. போதாததற்கு ஆலாஃபோஸ் வெளியே மேலங்கி போலப் போட்டுக்கொள்ளத்தான் சரி. ஹீட்டர் ஓடும் அறையில் அரை மணி நேரம் அதோடு இருக்க முடியாது.

முதல் குளிர்காலம் என்றால் லெட்லோப்பிதான். 500 கிராம், அதாவது பத்து உருண்டை வாங்குங்கள். அதில் ஏழெட்டு அடிநிறம், மீதி கோலத்துக்கு. 4.5 மி.மீ. ஊசி, ரிப்புக்கு 3.5.

லோபபெய்சா: சிரமம் கடைசியில், சுவையும் கடைசியில்

உடலை அடியிலிருந்து அக்குள் வரை ஒரு குழாயாகவும், இரண்டு கைகளை மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை தனித்தனிக் குழாய்களாகவும் பின்னி, மூன்றையும் ஒரே ஊசியில் சேர்த்து, கழுத்தை நோக்கிக் குறைத்துக்கொண்டே போவது இதன் கட்டமைப்பு. அந்தக் கடைசி வட்டப் பகுதிதான் யோக்.

கையிலிருந்து தொடங்குங்கள். 40 கண்ணி ஏற்றி 5 செ.மீ. ரிப், பிறகு ஏறக்குறைய பத்துச் சுற்றுக்கு ஒருமுறை இரண்டு கண்ணி கூட்டி 60க்கு வாருங்கள். பதினைந்து செ.மீ. ஆனதும் வேறு நூலில் கண்ணிகளைக் கோத்து எடுத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, காயவைத்து அளந்து பாருங்கள். மாதிரித் துண்டு பின்னப் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தக் கையே மாதிரித் துண்டு. லோப்பி நனைந்தால் மலர்ந்து கொடுக்கும் நூல், அதனால் நனைக்காமல் எடுத்த அளவை நம்ப முடியாது. தட்டையாக முன்னும் பின்னும் பின்னிய மாதிரியையும் நம்பக் கூடாது. பலருக்கு பர்ல் வரிசை தளர்ந்து வரும், சுற்றிப் பின்னும்போது அந்தத் தளர்ச்சி இருக்காது.

சேர்க்கும் சுற்றில் உடலில் 180, கைகளில் 60 வீதம் இருந்தால், ஒவ்வோர் அக்குளிலும் உடலில் 10, கையில் 10 கண்ணியைத் தனி நூலில் ஒதுக்கிவிட்டு, மீதி 260 கண்ணியோடு யோக் தொடங்கும். ஒரு கோலத்துக்கான கண்ணி எண்ணிக்கை இந்த மொத்தத்தை மீதியின்றி வகுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சுற்றிலேயே ஒன்றிரண்டு கண்ணி குறைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

யோக்கில் தப்பு நடக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: பின்பக்கம் ஓடும் நூல் இறுகி, துணி சுருங்கி, தலையே நுழையாமல் போவது. நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரல்களால் நன்றாகப் பரப்பிவிட்டுப் பிறகு அடுத்த நிறத்தை எடுங்கள். கோலச் சுற்றுகளுக்கு அரை மி.மீ. பெரிய ஊசி போடுங்கள். ஐந்து கண்ணிக்கு மேல் ஒரு நிறம் சும்மா ஓடினால், நடுவில் ஒருமுறை மற்ற நூலோடு பின்னிப் பிடித்துவிடுங்கள். லோப்பியின் நார் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், ஒரு சலவைக்குப் பிறகு அந்த நூல்கள் நகராது.

இன்னொரு குறை, வட்ட யோக்குக்கே உரியது: முன்கழுத்தும் பின்கழுத்தும் ஒரே உயரத்தில் நின்று, முன்பக்கம் தொண்டையை அழுத்தும். கோலம் முடிந்ததும் பின்பக்கம் மட்டும் முன்னும் பின்னுமாகச் சில குறுவரிசைகள் பின்னி 3 செ.மீ. உயர்த்தினால் தீர்ந்துவிடும். பழைய பட்டர்ன்கள் பலவற்றில் இது இருக்காது. நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டையாகச் சுற்றி வரும் முறுக்காத பிளோட்டுலோப்பியையும் சிலர் தேர்ந்தெடுப்பார்கள். விலை குறைவு, இலகுவானது. இழுத்தால் கையோடு அறுந்து வரும். அறுந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஈரக் கையில் உருட்டினால் ஒட்டிக்கொள்ளும். முறுக்கிய நூலில் ஒரு ஸ்வெட்டர் முடித்த பிறகு இதற்கு வாருங்கள்.

லூசகோஃப்டே: பின்னி முடித்ததை வெட்டுவது

நார்வே முறையில் உடல் தோள் வரை ஒரே நேர்க்குழாய். கைக்கு இடம் விட்டுப் பின்னுவதில்லை. முடித்த பிறகு கத்தரிக்கோலால் வெட்டித் திறக்கிறார்கள். பயம் முழுவதும் அந்த ஒரு மாலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதுவரைக்கும் இதைப் போல நிம்மதியான பின்னல் வேறில்லை: புள்ளி வரிசை நாலு சுற்றில் கைக்கு மனப்பாடமாகிவிடும், வடிவக் குறைப்பு கிடையாது, பேசிக்கொண்டே பின்னலாம். ஆழ்குளிர் மாதங்களுக்குப் பொருத்தமான வேலை இதுதான் என்பேன்.

வெட்டும் முறை: கையின் மேல்சுற்றை அளந்து அதில் பாதியை ஆழமாக எடுங்கள். 44 செ.மீ. கை என்றால் 22 செ.மீ. அந்த நேர்கோட்டை வேறு நிறத் தையல் நூலால் அடையாளமிடுங்கள். கோட்டுக்கு இருபுறமும் தையல் மெஷினில், 2 மி.மீ. சிறு தையலாக, இரண்டிரண்டு ஓட்டம். ஊசி கண்ணிகளின் நடுவே இறங்க வேண்டும், இரு கண்ணி வரிசைகளின் இடைவெளியில் அல்ல. மெஷினின் பாதம் பின்னலை இழுத்து ஓரத்தை அலை அலையாக்கிவிடும். பாத அழுத்தத்தைக் குறைத்து, அடியில் மெல்லிய தாள் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுத்தால் ஓரம் நேராக நிற்கும். அடுத்து, குழாய்க்குள் ஒரு கெட்டி அட்டையை நுழைத்துவிட்டு வெட்டுங்கள். மறுபக்கத் துணியும் சேர்ந்து வெட்டுப்படுவதுதான் இந்த வேலையில் மீட்க முடியாத ஒரே விபத்து. பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். டிசம்பரில் ஆஸ்லோவில் பகலே ஆறு மணி நேரத்துக்குள்தான்.

கையின் மேல்விளிம்பில் கோலம் முடிந்த பிறகு ஆறேழு சுற்று கூடுதலாகப் பின்னி வைத்திருந்தால், அது உள்ளே மடங்கி வெட்டிய ஓரத்தை மூடிக்கொள்ளும்.

மெஷினில் துவைக்கும்படி பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளியில் இதைச் செய்ய நினைத்தால் மெஷின் தையல் கட்டாயம். செதில் நீக்கிய நார் வழுக்கும், கைத்தையல் தாங்காது. சாதாரணக் கம்பளியே இந்த மரபுக்கு உகந்தது.

ஃபேர் ஐல்: வெளிச்சம் கேட்கும் வேலை

1922இல் அன்றைய வேல்ஸ் இளவரசர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் இதை அணிந்து நின்ற பிறகு உலகமே இதன் பின்னால் ஓடியது. நிறங்கள் பல தெரிந்தாலும் ஒரு சுற்றில் இரண்டுக்கு மேல் வராது. அடிநிறமும் கோலநிறமும் இரண்டு மூன்று சுற்றுக்கொருமுறை மெல்ல மாறும். சிரமம் நுட்பத்தில் இல்லை, இடைவிடாத கவனத்தில் இருக்கிறது. விளக்கொளியில் கருநீலமும் கரும்பச்சையும் ஒன்றாகத் தெரியும். ஷெட்லாந்தின் முக்கிய ஊரான லெர்விக்கில் டிசம்பர் பகலும் ஆறு மணி நேரத்துக்கு உட்பட்டதுதான். அன்று பின்னப்போகும் நிறங்களையெல்லாம் பகலிலேயே எடுத்து வரிசையாக வைத்துவிடுவது நல்லது. அடிநிறமும் கோலநிறமும் போதுமான அளவு வேறுபடுகின்றனவா என்று பார்க்க, உருண்டைகளைச் சேர்த்து வைத்து போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். படத்தில் கலந்துபோகும் ஜோடி பின்னலிலும் கலந்துபோகும்.

ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது: எந்த நூல் அடியிலிருந்து வருகிறது என்பது. கீழே ஓடும் நூலின் கண்ணி சற்றே பெரிதாக விழும், அந்த நிறமே எடுத்துக் காட்டும். கோலநிறம் எப்போதும் கீழிருந்து வரட்டும். நடுவில் இடம் மாற்றிக்கொண்டால் அந்தச் சுற்றிலிருந்து கோலம் மங்கி, தூரத்திலிருந்து ஒரு கோடு போலத் தெரியும். அதைச் சலவை சரிசெய்யாது.

நூல் முனைகள் அடுத்த பிரச்சினை. அக்குள் வரைக்குமே 120 சுற்றுக்கு மேல். மூன்று சுற்றுக்கொரு மாற்றம் என்றால் நாற்பது மாற்றம், எண்பது முனை. ஒவ்வொன்றையும் ஊசியில் கோத்து உள்ளே மறைக்க வேண்டும். இதனால்தான் முதல் ஃபேர் ஐலை முன்திறப்புள்ள கார்டிகனாகப் பின்னச் சொல்கிறேன். முன்நடுவில் எட்டுப் பத்துக் கண்ணி வெட்டுவதற்கென்றே கூடுதலாகப் பின்னுவார்கள், ஸ்டீக் என்று பெயர். நிறமாற்றம் எல்லாவற்றையும் அதன் நடுவில் வைத்துக்கொண்டால் வெட்டும்போது முனைகளும் சேர்ந்து போய்விடும். ஷெட்லாந்துக் கம்பளி தானே பற்றிக்கொள்வதால் மெஷின் தையல்கூட வேண்டாம். ஓரத்தை மடித்துக் கையால் தைத்தால் போதும். கார்டிகன் பெரிதாகத் தெரிந்தால் கையில்லாத ஸ்லிப்ஓவர், 250 முதல் 300 கிராம் நூலில் முடியும்.

உடுத்தும்போதும் பிறகும்

தோலில் படும் விஷயத்தில் லோப்பி மூன்றிலும் கடினம். ஐஸ்லாந்து ஆட்டுக்கு நீளமான வெளிமயிர், மென்மையான உள்மயிர் என்று இரண்டு அடுக்கு உண்டு. தூறலை உதறித் தள்ளுவதும் அந்த வெளிமயிர்தான், குத்துவதும் அதுதான். உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டால் தொல்லை இல்லை. லூசகோஃப்டே இரண்டு நூல் அடுக்கோடு கனமாக நின்று காற்றைத் தடுக்கும். வீட்டுக்குள்ளும் அலுவலகத்திலும் நாள் முழுக்கப் போட்டிருக்க ஃபேர் ஐல்தான் தோது.

பழுது பார்ப்பதில் ஷெட்லாந்து முறை முந்துகிறது. அதன் கை தோளிலிருந்து கண்ணி எடுத்துக் கீழ்நோக்கிப் பின்னப்படுவது. மணிக்கட்டு தேய்ந்தால் முடிச்சை அவிழ்த்து, தேய்ந்தது வரை பிரித்து, மறுபடி பின்னிவிடலாம். லோபபெய்சாவிலும் நார்வே முறையிலும் கை கீழிருந்து மேலே போவதால், ஏற்றிய விளிம்பிலிருந்து அப்படிப் பிரிக்க வராது. ரிப்புக்கு மேல் ஒரு சுற்றில் ஒரு கண்ணியை வெட்டி, அந்தச் சுற்றின் நூலை உருவி, விடுபடும் கண்ணிகளை ஊசியில் எடுத்துக் கீழ்நோக்கிப் பின்ன வேண்டும். இதற்காக அடிநிறத்தில் ஒரே சாயத்தொகுப்பு எண் உள்ள உருண்டை ஒன்றைக் கூடுதலாக வாங்கி, ஸ்வெட்டரை நனைக்கும்போதெல்லாம் நிறம் ஒத்துப்போக, அதிலிருந்து எடுத்த ஒரு சிறு நூல்சுருளையும் கூடவே நனைத்துக் காயவையுங்கள்.