12 வோல்ட் சிறு பல்புகளுடன் எட்டு ஆண்டுகள்: ஏசியா, டிசியா?

மேசை விளக்கு, அலமாரிக்குள் வெளிச்சம், மின்வெட்டின்போது எரியும் பேட்டரி விளக்கு என 12 வோல்ட் சிறு பல்புகளை எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். தொடக்கத்தில் எனக்கிருந்த ஒரே சந்தேகம், இவற்றுக்கு ஏசி (திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம்) கொடுப்பதா, டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) கொடுப்பதா என்பதுதான். இழை பல்பைப் பொறுத்தவரை அது இரண்டாம்பட்சமே என்பதும், பல்பின் முனைகளுக்கு உண்மையில் எத்தனை வோல்ட் வந்து சேருகிறது என்பதே முக்கியம் என்பதும் பல பல்புகளைப் பறிகொடுத்த பிறகுதான் உறைத்தது.

டங்ஸ்டன் இழை சூடேறித்தான் ஒளிர்கிறது. மின்னோட்டம் எந்தத் திசையில் பாய்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. 12 வோல்ட் ஏசி என்று நாம் குறிப்பிடுவதே, 12 வோல்ட் டிசி தரும் அதே சூட்டைத் தரக்கூடிய ஏசி என்ற பொருளில்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை மின்சக்தி ஏறி இறங்கினாலும், 20 வாட் ஹாலஜன் பல்பின் தடித்த இழை அந்த இடைவெளிக்குள் ஆறிவிடுவதில்லை என்பதால் மினுக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மிக மெல்லிய இழை கொண்ட குறிகாட்டி பல்புகளில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு: தொடர்ந்து டிசியில் எரிந்தால் இழையின் மேற்பரப்பில் ரம்பப் பல் போலப் படிகள் விழுந்து, ஏசியில் இருப்பதைவிட விரைவில் அறுந்துவிடும்.

என் பெரிய தவறு, டிசி ஏதோ கூடுதல் சுத்தமானது என்று நம்பியது. ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த 5 வாட் பல்புகளின் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் ஏசியை டிசியாக்க நான்கு டயோடுகளையும் (ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தை விடுபவை), அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய ஒரு பெரிய கெபாசிட்டரையும் சேர்த்தேன். அன்று மாலை வெளிச்சம் பளீரென்று வெண்மையாக இருந்ததைக் கண்டு மகிழ்ந்தும் போனேன். சில நாட்களிலேயே கண்ணாடியின் உட்புறத்தில், புகை படிந்தாற்போல் கருஞ்சாம்பல் படலம் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக அறுந்தன. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 15 வோல்ட். காரணம் எளிது: 12 வோல்ட் ஏசியின் உச்சம் 17 வோல்ட், டயோடுகளில் ஒன்றரை வோல்ட் அளவு போனாலும், மீதியை அந்த உச்சத்துக்கு அருகிலேயே கெபாசிட்டர் பிடித்து வைத்துக்கொள்கிறது. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ மூன்றரையாவது அடுக்கில் கூடும். ஆயுளோ பன்னிரண்டாவது அடுக்கில் குறையும். அதாவது 15 வோல்ட்டில் இரு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். ஆனால் 1000 மணி நேரம் எரிய வேண்டியது 70 மணி நேரத்தில் முடிந்துவிடும். கெபாசிட்டரைக் கழற்றியதும் மீட்டர் 10 வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. வெளிச்சமோ அந்த அளவுக்கு மங்கவில்லை. டிசி நிலையில் மீட்டர் சராசரியைத்தான் அளக்கிறது, சூட்டைத் தரும் மதிப்பை அல்ல என்பது அப்போதுதான் விளங்கியது.

இதற்கு நேர்மாறான தொல்லையைக் கம்பி கொடுத்தது. 20 வாட் பல்புகள் இரண்டை 10 மீட்டர் தள்ளி, 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இணைத்திருந்தேன். 3.3 ஆம்ப் மின்னோட்டம் போக வர 20 மீட்டர் கடந்ததில் 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்து, வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் குறைந்தது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டபின் சரியாயிற்று. இதில் ஏசி, டிசி வேறுபாடு கிடையாது.

எல்.இ.டி பல்புகளுக்கு மாறியபோதுதான் நான் ஒதுக்கி வைத்த கேள்வி திரும்பி வந்தது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ரெசிஸ்டர் மட்டும் கொண்ட எல்.இ.டி பட்டையை ஏசியில் கொடுத்தால் பாதிச் சுற்றில் மட்டுமே எரிகிறது. கண்ணைச் சட்டென்று திருப்பும்போது ஒளி துண்டு துண்டாகத் தெரியும். எதிர்த்திசை மின்னழுத்தத்தை எல்.இ.டி அதிகம் தாங்காது என்பதால், இப்படி எரிப்பது அதற்கு நல்லதும் அல்ல. இரு ஊசி எல்.இ.டி பல்புகள் உள்ளேயே ஏசியை டிசியாக்கும் டயோடு பாலம் கொண்டவை என்பதால் ஏசி, டிசி இரண்டிலும் எரிந்தன. ஆனாலும் பழைய எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரில் போட்டதும் நான் வாங்கிய நான்கு பல்புகளும் துடித்தன. அதன் மேல் 20 முதல் 60 வாட் வரை என்று அச்சிட்டிருந்தது. நான்கு பல்பும் சேர்ந்தே 16 வாட்தான். ஒன்றைக் கழற்றி ஹாலஜனைப் பழையபடி செருகியதும் துடிப்பு அடங்கியது. மின்சாரத்தைச் சேமிக்க வந்தவனுக்கு இது நல்ல வேடிக்கை. பிறகு 12 வோல்ட் டிசி அடாப்டர் வாங்கினேன்.

பேட்டரியோடு எல்.இ.டி பட்டையை நேரடியாக இணைத்ததிலும் ஒரு பாடம் இருந்தது. ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை ஏறுகிறது. மூன்று வெள்ளை எல்.இ.டிகளே 9 வோல்ட்டுக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்வதால், ரெசிஸ்டரின் மீது விழும் எஞ்சிய அழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகி, மின்னோட்டமும் அவ்வாறே உயர்கிறது. பட்டை தொட முடியாத அளவுக்குச் சுட்டது. இப்போது இடையில் 12 வோல்ட்டில் நிறுத்தும் ஒரு சிறு கன்வெர்ட்டரும், பேட்டரி முனையை ஒட்டி ஒரு ஃபியூஸும் உள்ளன. மேசை விளக்கில் மட்டும் 20 வாட் ஹாலஜனையே வைத்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேரே ஏசியில், முனைகளில் 11.4 வோல்ட்டில் எரிகிறது. வெளிச்சம் சற்று மஞ்சளாக இருந்தாலும், நான்காவது ஆண்டாக அதே பல்புதான்.