ஜப்லாவுக்கு லேஸா, கை எம்பிராய்டரியா?

பிள்ளை பார்க்கப் போகும்போது சோப்பு, பவுடர் டப்பாவுக்குப் பதில் நாமே தைத்த ஜப்லாவைக் கொண்டுபோனால் அதற்கு வரும் மரியாதையே தனி. துணி மெல்லிய பருத்திதான். நெல்லை வெயிலுக்கு வேறு எதுவும் சரிப்படாது. கேள்வி அலங்காரத்தில்தான்.

லேஸுக்கு இந்தப் பக்கத்தில் பழைய சரித்திரம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டிலேயே இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலிசா, பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இன்று கடையில் கேட்டால் பெரும்பாலும் நைலானைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். மிஷினில் ஓர் ஓட்டு ஓட்டினால் வேலை முடிந்தது, பார்வைக்கும் எடுப்பு. ஆனால் கழுத்தோரம் வைத்தால் வேர்வையில் உரசித் தோல் சிவந்துவிடும். ஓட்டை பெரிதாக இருந்தால் பிஞ்சு விரல் மாட்டும். பருத்தி லேஸ் கிடைத்தால் கீழ் மடிப்பில் மட்டும் வைக்கலாம்.

எம்பிராய்டரிக்குப் பொறுமை வேண்டும். ஆறு இழை நூலில் இரண்டை மட்டும் பிரித்து, சங்கிலித் தையலில் சின்னதாக ஒரு மாங்காய் போட்டால் போதும், துணி விறைக்காது. பின்பக்கத்து முடிச்சுதான் தொந்தரவு. அதன்மேல் பழைய வேட்டியில் ஒரு துண்டு வெட்டி வைத்து மூடித் தைத்துவிட வேண்டும். சிவப்பு நூல் என்றால் முதலிலேயே நனைத்து, சாயம் போகிறதா என்று பாருங்கள். அப்புறம், துணியை வெட்டும் முன் அலசிக் காயப்போடுங்கள், பருத்தி சுருங்கும்.

என் கட்சி எம்பிராய்டரிதான். நாளைக்கே கொடுக்க வேண்டும் என்றால் சரி, லேஸ். எதுவானாலும் மணி, சமிக்கி மட்டும் வேண்டாம். பிய்ந்தால் நேரே பிள்ளையின் வாய்க்குத்தான் போகும்.