மூப்பரை யார் முடிவு செய்வது: ஓட்டா, பாஸ்டரா, மூப்பர்களேவா?

கடலூர் முதுநகரிலும் மஞ்சக்குப்பத்திலும் உள்ள கிறிஸ்தவ சபைகளில் விசாரித்துப் பாருங்கள், சபையை நடத்தும் பொறுப்பிலுள்ளவரைக் குறிக்கும் மூப்பர் என்ற ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு விளக்கம் கிடைக்கும். கத்தோலிக்கரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே பங்குப் பேரவை எனப்படும் பங்கு மக்கள் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே முடித்துவைத்துவிட்டது.

மற்றவர்களிடம் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. பழைய சீர்திருத்தச் சபைகளில் ஆயரோடு, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கமிட்டி இருக்கும். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் பாஸ்டரே மூப்பர்களை நியமிப்பார். சகோதர (பிரதரன்) சபைகளில் ஓட்டும் இல்லை, பெரும்பாலும் சம்பளப் போதகரும் இல்லை. மந்தையை, அதாவது சபை மக்களை, ஏற்கெனவே கவனித்துவருபவரை, இருக்கும் மூப்பர்கள் அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்வார்கள்.

மூவரும் கையில் எடுப்பது பைபிளில் பவுலின் கடிதங்களிலுள்ள ஒரே பட்டியலைத்தான்: 1 தீமோத்தேயு 3, தீத்து 1. குற்றஞ்சாட்டப்படாதவன், ஒரே மனைவியையுடைய புருஷன், அந்நியரை உபசரிக்கிறவன், பண ஆசையில்லாதவன், சொந்தக் குடும்பத்தை நன்றாய் நடத்துகிறவன். எல்லாம் குணம். திறமை என்று பார்த்தால் 'போதகசமர்த்தன்' (கற்பிக்கத் தெரிந்தவன்) ஒன்றுதான். அடுத்து வரும் உதவிக்காரர் (டீக்கன்) பட்டியலில் அதுவும் இல்லை. ஆக, மூப்பருக்குக் கற்பிக்கத் தெரிய வேண்டும். காணிக்கை எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது.

ஓட்டு முறையில் இந்தப் பட்டியலை யாரும் திறப்பதில்லை. எங்கள் சபைத் தேர்தலன்று, கிறிஸ்துமஸுக்குப் பிறகு முகமே காட்டாதவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சொந்தபந்தம் அதிகமுள்ளவர் ஜெயித்தார். போதகசமர்த்தரா? ஜெபம் நடத்தச் சொன்னாலே கைக்குட்டையால் முகம் துடைப்பார். ஆனால் ஒன்று: அவருடைய பதவிக்காலம் முடியும், வரவுசெலவும் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும்.

பாஸ்டர் நியமிப்பதற்கும் வேத ஆதாரம் உண்டு. அப்போஸ்தலர் 14:23இல் பவுலும் பர்னபாவும் அப்படித்தான் மூப்பரை ஏற்படுத்தினார்கள். ஆனால் ஏற்படுத்திவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்கள். நம் பாஸ்டர்கள் போவதில்லை. நியமித்தவரே நீக்கவும் முடியும் என்றால், நில விவகாரத்தில் அவரை எந்த மூப்பர் கேள்வி கேட்பார்?

என் மனம் மூன்றாவது வழிக்கே சாய்கிறது. அப்போஸ்தலர் 20இல் பவுல் எபேசுவிலிருந்து வரவழைத்தது ஒருவரை அல்ல, பலரை. 17ஆம் வசனத்தில் மூப்பர் எனப்படுகிறவர்களே 28ஆம் வசனத்தில் கண்காணிகள், அதாவது சபையை மேற்பார்ப்பவர்கள். ஒருவருக்கொருவர் பதில் சொல்லும் ஏற்பாடு அது. ஓய்வு வயது இல்லாததும், இரண்டு மூப்பர்கள் முறைத்துக்கொண்டால் சபையே இரண்டாக உடைவதும் இதிலுள்ள கோளாறு. கணக்கை வெளி ஆள் தணிக்கை செய்ய வேண்டும், காலவரையறையும் வேண்டும் என்பேன்.

மூன்று வழியினரும் தாண்டிப்போகிற வசனம் ஒன்று உண்டு. புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது 1 தீமோத்தேயு 3:7. மூப்பராகப் போகிறவர் வாங்கிய கடனைத் திருப்பித் தருகிறாரா என்று முதுநகரில் மீன் விற்கும் அம்மாவிடம் ஒரு சபையாவது போய்க் கேட்டதாக இதுவரை நான் கேள்விப்படவில்லை.