தீ பார்த்த நீலம், தீ பார்க்காத நீலம்

எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு மனைவிக்கு ஒரு நீலக்கல் மோதிரம் என்று முடிவானபோது, கல் வாங்குவது சேலை வாங்குவதைவிடச் சுலபம் என்றுதான் நினைத்திருந்தேன். நிறம் பிடித்தால் வாங்க வேண்டியதுதானே. இலங்கை இரத்தினபுரியில் ஒரு வியாபாரி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்த பிறகுதான் கேள்வியே வேறு என்று தெரிந்தது.

வியாபாரி நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் அழைப்போம்) இரண்டு காகிதப் பொட்டலங்களைப் பிரித்து வைத்தார். ஒன்றில் 2.1 கரட், நல்ல அடர்நீலம், உள்ளே தூசி தும்பு இல்லை. மற்றதில் 1.4 கரட், இளநீலம், உள்ளே லேசாகப் பால் கலந்த மாதிரி ஒரு மங்கல். விலை ஏறக்குறைய ஒன்று.

"பெரிசு சுட்ட கல். சின்னது சுடாதது. ரெண்டும் நம்ம மண்ணுக் கல்தான் சேர்" என்றார்.

நான் சின்னதை வாங்கினேன். ஆகவே கீழே வருவதை வாங்கியவன் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வித்தியாசம் இல்லாத விஷயங்கள். இரண்டும் ஒரே அலுமினியம் ஒக்சைட்டுதான். இரும்பும் டைட்டேனியமும் கொஞ்சம் கலந்ததால் வந்த நீலம். மோஸ் கடின அளவில் இரண்டுக்கும் பத்துக்கு 9. வைரம் மட்டும்தான் மேலே. சுட்ட நிறம் வெளுத்துப் போகாது. இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல் துலக்கியும் இரண்டுக்கும் போதும். சுட்ட கல் என்றால் போலிக்கல் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு. ஆய்வுகூடத்தில் உலையில் வளர்த்த செயற்கைக் கல் வேறு சங்கதி. 1902இல் வெர்னெயில் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த முறையை வெளியிட்ட பிறகு செயற்கைச் சிவப்புக் கற்கள் ஆசியா முழுக்கப் பரவின. என் அப்பாயி உயிரைப் போலப் பாதுகாத்த சிவப்புக்கல் தோட்டை லென்சில் பார்த்தபோது வளைந்து வளைந்து ஓடும் கோடுகள் தெரிந்தன. மண்ணில் விளைந்த கல்லில் கோடு நேராக ஓடும், மூலையில் மடங்கும், இப்படி வளையாது. தோட்டை யாரும் தூக்கிப் போடவில்லை. பேத்தி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

சரி, சுடுவது என்றால் என்ன? நீலக்கல்லின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஊசிகள் கிடக்கும், ரூட்டைல் என்ற டைட்டேனியக் கனிமம். வியாபாரிகள் இதைப் பட்டு என்பார்கள். பட்டு அதிகமானால் கல் பால் நிறமாக மங்கும். 1600 பாகைக்கு மேல் உலையில் வைத்தால் ஊசிகள் கரைந்து, அவற்றிலிருந்த டைட்டேனியம் கல்லோடு கலந்து இரும்புடன் சேர, நீலம் பிறக்கிறது. இந்த மங்கல் கற்களுக்குச் சிங்களத்தில் கெவுட என்று பெயர். "எங்க வாப்பா காலத்துல இதக் கழிவோட கொட்டுவாங்க" என்றார் நானா. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போய்ச் சுட்டு விற்ற பிறகுதான் நம்மவர்களுக்கு விஷயம் பிடிபட்டது. இத்தனைக்கும் ஊதுகுழலும் கரி நெருப்பும் வைத்துச் சிவப்புக் கற்களின் நீலச்சாயலைப் போக்குவது இந்தத் தீவில் பல நூற்றாண்டுப் பழக்கம். கரி நெருப்பின் சூடு கெவுடவுக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

பார்வைக்கு எது அழகு? அங்கே கடையில் கேட்டிருந்தால் பெரியதுதான் என்றிருப்பேன். ஆனால் வெளிச்சம் ஊருக்கு ஊர் மாறுகிறது. சிவனொளிபாதமலைக்கு அந்தப் பக்கம் இரத்தினபுரி வெயில். இந்தப் பக்கம் எங்கள் ஹட்டன் மூட்டம். அடர்ந்த நீலம் மூட்டத்திலும் குழல்விளக்கிலும் மை போலக் கறுத்துவிடும். இளநீலம் அந்த மங்கிய ஒளியிலும் நீலமாகவே நிற்கிறது. வாங்கும்போது எனக்கு இது தெரியாது. வீட்டுக்கு வந்து யன்னலோரம் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

என்னை முடிவெடுக்க வைத்தது அழகு இல்லை, திரும்ப விற்பது. விற்கப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் நகை வாங்குகிறோம். தோட்டத்தில் வளர்ந்தவனுக்குத் தெரியும், நகை என்றால் ஒரு கால் அடகுக் கடையில்தான் நிற்கும். அங்கே கல்லுக்கு மதிப்பே கிடையாது. நிறுத்து, கல்லின் எடையைக் கழித்து, மிச்சத் தங்கத்துக்குத்தான் பணம். அப்படியானால் கல்லில் போட்ட பணம் ஒரு நாள் கல்லாகவே விலைபோக வேண்டும். அதை வாங்கப்போவது கல் தெரிந்தவன். அவன் கேட்கும் முதல் கேள்வி நிறமோ எடையோ அல்ல: சுட்டதா, சுடாததா?

இதை நானாவிடம் துருவிக் கேட்டேன். அவர் சொன்ன கணக்கு எளிமையானது. சுடாத கல்லுக்கு இரண்டு விதமான ஆள் வருவான். இருக்கிறபடியே வேண்டும் என்பவன் ஒருவன். வாங்கிச் சுட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவன் இன்னொருவன். நிறம் ஏறினால் அவனுக்கு இலாபம், வெடித்தால் நட்டம், அது அவன் சூதாட்டம். சுட்ட கல்லுக்கு இந்த இரண்டாவது ஆள் வரமாட்டான். செய்ய வேண்டியதை ஏற்கெனவே செய்தாகிவிட்டது. முதல் ஆளும் வரமாட்டான். சுட்ட விலைக்குச் சுட்ட கல் தேடுபவன் மட்டும் வருவான். அவனுக்கு அதே மாதிரி நூறு கல் சந்தையில் கிடக்கிறது. சுடாததை எந்த நாளும் சுடலாம். சுட்டதை எந்த உலையாலும் பழையபடி ஆக்க முடியாது. இதைக் கேட்டதும் எனக்கு 0.7 கரட் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

வொஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் லோகன் நீலக்கல் நம் நாட்டுக் கல்தான், 422.99 கரட். சுடாதது என்று ஆய்வில் தெரிந்தது. அதோடு என் 1.4ஐ ஒப்பிடுவது அபத்தம். ஆனால் அளவு எப்படிப் போனாலும் "சுடாதது" என்ற சொல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். நான் இந்தக் கல்லை விற்றுப் பார்த்தவன் இல்லை. வாங்கிய இரண்டு வருடத்தில் ஒரேயொரு முறை வேறொருவரிடம் சும்மா விலை கேட்டேன். கொடுத்த விலையை ஒட்டி ஒன்று சொன்னார். வாங்குவாரா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. ஒரு கரட்டுக்குக் கீழே உள்ள சிறு கற்களில் இந்த வாதம் எவ்வளவு நிற்கும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. சின்னக் கல்லுக்கு ஆய்வுகூட அறிக்கை எடுக்கும் செலவே விலையில் ஒரு பங்காகிவிடும்.

அறிக்கை இல்லாமல் "சுடாதது" என்ற சொல்லுக்கு விலை கொடுக்காதீர்கள். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடம் இருக்கிறது. தனியார் ஆய்வுகூடங்களும் உண்டு. அறிக்கை எடுத்துத் தருவதாக இருந்தால்தான் வாங்குவேன் என்றேன். நானா முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். அதிலும் ஒரு நுணுக்கம்: இந்த அறிக்கைகளில் சூடுபடுத்தியதற்கான அறிகுறி காணப்படவில்லை என்றுதான் பொதுவாக இருக்கும். குறைந்த சூட்டில் செய்ததைக் கண்டுபிடிப்பது நிபுணர்களுக்கே சிரமம்.

என் கல்லில் ஒரு சாட்சி உள்ளேயே இருக்கிறது. பத்து மடங்கு லென்சில் ஒரு ஓரத்தில் சின்னக் குழி தெரியும். அதற்குள் திரவமாகக் கரியமில வாயு, திரவத்துக்குள் ஒரு குமிழி. கல் விளைந்த காலத்தில், ஐம்பது கோடி ஆண்டுக்கும் முன்பு, மாட்டிக்கொண்டது. ஏறக்குறைய 31 பாகை வந்தால் குமிழி மறைந்துவிடும். குளிர்ந்தால் திரும்ப வரும். ஹட்டனில் எந்த நேரம் பார்த்தாலும் இருக்கிறது. கொழும்பில் மச்சான் வீட்டில் மத்தியான வெக்கையில் காட்டப் போனேன், காணவில்லை. "கல்லை மாத்திட்டாங்களா?" என்று பதறினார். குளிர்பெட்டித் தண்ணீர்ப் போத்தலோடு ஒட்டி வைத்ததும் வந்தது. உலையில் போயிருந்தால் அந்தக் குழி வெடித்துச் சுற்றிலும் விரிசல் விட்டிருக்கும். சுட்ட 2.1இல் பார்க்க இப்படி ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

இதே குழிதான் சுடாத கல்லின் பலவீனமும். மோதிரம் திருத்தும்போது ஊதும் நெருப்பு கல்லில் பட்டால் அது அப்போது வெடிக்கலாம். சுட்ட கல்லுக்கு அந்தப் பயம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. மனைவியின் முந்தைய மோதிரத்தில் ஒரு சுட்ட நீலம் இருந்தது. பெருப்பிக்கக் கொடுத்த இடத்தில் கல்லைக் கழற்றாமலே வெண்காரம் பூசிப் பற்றவைத்திருக்கிறார்கள். சூட்டில் வெண்காரம் நீலக்கல்லையும் அரிக்கும். திரும்பி வந்தபோது மேல்முகம் பனி படிந்த கண்ணாடி மாதிரி இருந்தது.

ஆகவே இந்த முறை நகை செய்யும் பத்தரய்யாவிடம் கல்லைவிட, அதைப் பதிக்கும் கட்டு பற்றித்தான் அதிகம் பேசினேன். நான்கு கால்கள் கவ்வும் கட்டு என்றால் கழற்றுவது சுலபம், வெளிச்சமும் கூடுதல். "வருசத்துல பத்து மாசம் ஸ்வெட்டர் போடுற கை, கம்பளி நூல் கால்ல மாட்டி ஒரு நாள் இழுத்துரும் சேர்" என்றார். கல்லைச் சுற்றி மெல்லிய தங்க விளிம்பு, அடியில் திறப்பு என்று முடிவானது. 22 கரட் தங்கம் மென்மை என்பதால் விளிம்பைக் கீறாமல் திறந்து மூடலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். வார்ப்பில் வந்த ஆயத்த மோதிரத்தில் இந்த விளிம்பை இவ்வளவு மெலிதாகப் பார்க்கவில்லை. தகட்டை அவர் கையால் தட்டி வளைத்த இரண்டு மணி நேரம் நான் பக்கத்திலேயே இருந்தேன், கூலி கூடுதல்தான்.

மாமியார் மட்டும் நீலம் சனியின் கல், மூன்று இரவு தலையணைக்கடியில் வைத்துப் பார்க்காமல் போடக்கூடாது என்றார். வைத்தோம். கெட்ட கனவு ஒன்றும் வரவில்லை. சுடாத கல்தான் பலிக்கும் என்று சோதிடர் சொல்வார்கள் என்பதால் என் தேர்வுக்கு அவரிடமிருந்தும் ஒரு வாக்குக் கிடைத்தது.

இவ்வளவும் சொன்னாலும், பெரிதாக, அடர்நீலமாக, சபையில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு மோதிரம் வேண்டும், விற்கும் எண்ணம் துளியும் இல்லை என்பவருக்கு அந்த 2.1தான் சரியான கல். சுட்டது என்று எழுதி வாங்கிக்கொண்டு, சுட்ட விலை மட்டும் கொடுக்க வேண்டும். நிறத்தை மேற்பரப்பில் மட்டும் ஏற்றிய கற்களும் விரிசலுக்குள் கண்ணாடி நிரப்பிய கற்களும் "சுட்டது" என்ற பெயரில் கலந்து வருவதால், அதற்கும் அறிக்கை அவசியம்.

அடுத்த மாதம் மோதிரத்தைக் கொஞ்சம் பெருப்பிக்க வேண்டியிருக்கிறது. கல்லைக் கழற்றும்போது நானும் பக்கத்தில் உட்காருவேன் என்றேன். "நம்பிக்கை இல்லையா சேர்?" என்று சிரித்தார் பத்தரய்யா. இருக்கிறது. கல்லைத் தனியாகத் தராசில் வைத்து அறிக்கையில் உள்ள 1.4ஐச் சரிபார்க்க அந்த ஒரு வேளைதான் கிடைக்கும்.