தூத்துக்குடியில் மஞ்சள் காய்ச்சல் ஊசி: குமரிக்காரர்களுக்கு எப்படி?

நைஜீரியா, கானா, காங்கோ, உகாண்டா என்று வேலைக்குப் போகிறவர்களுக்கு விசாவும் டிக்கெட்டும் கைக்கு வந்த பிறகுதான் மஞ்சள் அட்டை, அதாவது மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்கான சான்று, ஞாபகத்துக்கு வரும். தமிழ்நாட்டில் இந்த ஊசிக்கு அரசு அறிவித்த மையங்களில் இரண்டு சென்னையில் இருக்கின்றன: கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகம். குமரி மாவட்டத்துக்குக் கிட்ட இருப்பது தூத்துக்குடித் துறைமுக சுகாதார அலுவலகம். அது புதுத் துறைமுகப் பக்கம். டவுனில் இறங்கித் தேடினால் வெயில்தான் மிச்சம்.

சேவையின் பெரிய பலம், ஒரே ஊசியோடு வேலை முடிந்துவிடுவது. 0.5 மில்லி, தோலுக்கு அடியில். 2016 ஜூலை 11 முதல் அட்டை ஆயுளுக்கும் செல்லும். பழைய அட்டையில் 10 வருடம் என்று அச்சிட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டியதில்லை. பணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிறேன் என்கிற ஏஜென்ட்டை நம்ப வேண்டாம்.

பலவீனம், நினைத்த நாளில் போய்ப் போட்டுக்கொள்ள முடியாதது. பலருக்கான மருந்து ஒரே குப்பியில் வருகிறது. கரைத்த பிறகு 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டியதுதான். அதனால்தான் ஆள் சேர்த்து, முன்பதிவு வைத்துப் போடுகிறார்கள். பதிவு இல்லாமல் திருநெல்வேலி வழியாக பஸ் ஏறுவது வீண் அலைச்சல்.

அட்டை செல்லுபடியாவது ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான். பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஓடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அட்டை போகும்போது மட்டும் கேட்பார்கள் என்று எண்ணுவதும் தப்பு. இந்தியாவில் இந்த நோய் இல்லை, ஆனால் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு இருக்கிறது. ஆகவே திரும்பி வரும்போது சரியான அட்டை இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அடிஸ் அபாபாவில் விமானம் மாறுகிறவர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே போனால், அவர்களுக்கும் இதே கதிதான்.

அசல் பாஸ்போர்ட் கட்டாயம். அட்டையில் பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இனிஷியல் விஷயத்தில் நம் ஆட்களுக்குச் சிக்கல் சகஜம். உங்கள் கையெழுத்தும் வேண்டும். அடித்துத் திருத்திய அட்டை செல்லாது.

இது உயிருள்ள வைரஸை பலவீனப்படுத்திச் செய்த மருந்து. முட்டை கடும் ஒவ்வாமை, கர்ப்பம், ஸ்டீராய்டு, எச்.ஐ.வி., தைமஸ் சுரப்பி நோய் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் போடுவதில்லை. 60 வயதுக்கு மேல் முதல் தடவை போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். மருத்துவரோடு பேசாமல் போக வேண்டாம். வெளிநாட்டு வேலைக்காக எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா), சின்னம்மை ஊசி போட்டுக்கொள்ளும் நர்ஸ்கள் இதையும் அதே நாளில் போடலாம், இல்லையென்றால் 4 வாரம் இடைவெளி விட வேண்டும். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அடுத்த சில நாளில் லேசான காய்ச்சல், உடம்பு வலி வரலாம்.

இந்த ஊசி மலேரியாவைத் தடுக்காது. அட்டை கையில் இருக்கும் தைரியத்தில் அதைக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் குளோரோகுயின் என்கிற பழைய மலேரியா மருந்து எடுபடாது. மலேரியா தடுப்பு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. டாக்ஸிசைக்ளின் என்றால் தினம் 100 மில்லிகிராம், போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் 4 வாரம். சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள்; உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும் என்பதால் கடல் வேலைக்காரர்களுக்கு இது அவ்வளவு ஒத்துவராது, வேறு மருந்து கேளுங்கள். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் அடித்தால், ஆசாரிப்பள்ளமோ மார்த்தாண்டமோ, எங்கே காட்டினாலும் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். இரத்தத்தில் மலேரியா பார்க்கச் சொல்லித் தாமதிக்காமல் எழுதுவார்கள்.