வரிப் பகிர்வா, திட்ட நிதியா?

இந்தியாவில் மாநிலங்களுக்கு ஒன்றிய அரசின் பணம் முக்கியமாக இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 280ஆவது பிரிவின்படி அமையும் நிதிக்குழு பரிந்துரைக்கும் வரிப் பகிர்வு முதலாவது. 15ஆவது நிதிக்குழு இதைப் பகிரத்தக்க ஒன்றிய வரி வருவாயில் 41 விழுக்காடாக வைத்தது. இந்தப் பணத்தைப் பள்ளிக்கா, மருத்துவமனைக்கா, எந்த மாவட்டத்துக்கு என்பதை மாநிலமே தீர்மானிக்கலாம். ஆனால் செஸ், சர்சார்ஜ் எனப்படும் கூடுதல் வரிகளின் வருவாய் இந்தப் பகிர்வுக்குள் வருவதே இல்லை என்பது மாநிலங்களின் நியாயமான குறை.

இரண்டாவது, ஒன்றிய அரசு நிபந்தனைகளோடு தரும் திட்ட நிதி. பெரும்பாலான மாநிலங்களுக்கு 60:40, வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10 என்ற ஒன்றிய-மாநில விகிதத்தில் செலவு பகிரப்படுகிறது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதி வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் என்று டெல்லியில் வகுத்த தொகையில் இங்கே கான்கிரீட் கூரை போட முடியாததால், தமிழ்நாடு தன் 40 விழுக்காட்டுக்கும் மேலே கூரைக்கெனத் தனியே பணம் தருகிறது. ஏழை மாநிலங்களிலும் அடிப்படைச் சேவை குறைந்துவிடாமல் பார்ப்பதில் திட்ட நிதிக்குப் பங்குண்டு. எனினும் பங்குத் தொகையைத் திரட்ட இயலாத மாநிலமே அதை இழக்கிறது என்பதால், என் தேர்வு வரிப் பகிர்வுதான்.