ஆறு கோடை, ஒரு டிரெய்லர்: குளிரான இடம் கிடைத்துவிடும், பேச ஆள் கிடைப்பதுதான் பாடு

நானும் மனைவியும் ஹூஸ்டன்வாசிகள். வேலையை விட்ட மறு வருடம் 26 அடி நீள டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பழசாக வாங்கினோம், டிரக்கின் பின்னால் இழுத்துப் போகிற சக்கர வீடு. காரணம் எளிது. ஹூஸ்டன் கோடையில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து ஏசிக்குப் பணம் அழுவதற்கு, அந்தப் பணத்தில் மலைக்குப் போய்விடலாம். 2018 முதல் 2024 வரை, 2020-ஐ விட்டுவிட்டால், ஆறு கோடைகளை அந்த டிரெய்லரில் கழித்திருக்கிறோம். ஓய்வு பெற்று ஆர்வி (இப்படிப்பட்ட வண்டி வீடுகளுக்கு இங்கே அதுதான் பொதுப் பெயர்) வாங்கலாமா என்று யோசிக்கும் நண்பர்கள் நிறையப் பேர் போன் செய்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது “எங்கே குளிராக இருக்கும்?” என்பதுதான். எங்களுக்கு அது ஒரே வருடத்தில் பிடிபட்டுவிட்டது. “அங்கே யாரோடு பேசுவீர்கள்?” என்ற கேள்விக்கு விடை தெரிய நான்கு கோடை ஆனது.

முதல் வருடம் கொலராடோ என்றாலே குளிர் என்று நம்பிப் போனோம். பியூப்லோ பக்கம் டிரெய்லரை நிறுத்தியபோது வெயில் 97 டிகிரி ஃபாரன்ஹீட். மாநிலத்தின் பெயர் குளிர் தராது, உயரம்தான் தரும். ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ மூன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் குறையும் என்பது கணக்கு. பியூப்லோ சுமார் 4,700 அடி, ஜூலையில் 90-ஐத் தாண்டுவது அங்கே சாதாரணம். நம் ஊட்டி 7,350 அடி. அப்போதிருந்து வரைபடத்தில் ஊர்ப் பெயரைவிட உயரத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். பாலைவன மாநிலங்களில் ஊட்டி உயரத்துக்கு மேலே போனால்தான் ஜூலையில் போர்வை தேவைப்படும். நியூ மெக்சிகோவின் கிளவுட்கிராஃப்ட் சுமார் 8,600 அடி, ரெட் ரிவர் அதற்கும் சற்று மேலே. அரிசோனாவில் ஃபீனிக்ஸ்காரர்கள் ஷோ லோ, பைன்டாப் பக்கம் ஓடுகிறார்கள், அது ஆறாயிரத்துச் சொச்சம் முதல் ஏழாயிரம் அடி வரை. உயரம் வேண்டாம், மூச்சு வாங்கும் என்பவர்களுக்குத் தண்ணீர்தான் வழி. பசிபிக் கரை அல்லது சுப்பீரியர் ஏரிக்கரை.

அந்த முதல் கோடையில் உயரத்தைத் திருத்திக்கொண்டு ஒரு பெரிய ஆர்வி பார்க்குக்குப் போனோம், அதாவது வண்டி வீடுகளை வாடகைக்கு நிறுத்தித் தங்கும் இடம். பெயர் வேண்டாம். விளம்பரத்தில் “தினமும் நிகழ்ச்சிகள்” என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் எல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு: சறுக்கு நீச்சல்குளம், முகத்தில் வண்ணம் பூசுதல், சனிக்கிழமை மிட்டாய் வேட்டை. ஞாயிறு மதியம் ஆனால் பார்க்கே காலி. திங்கள் முதல் வியாழன் வரை நாங்களும் அணில்களும்தான். இன்னோர் இடத்தில் ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று பலகை. எங்கள் வயது சரிதான், டிரெய்லரின் வயது சரியில்லை. பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டி என்றால் போட்டோ அனுப்ப வேண்டுமாம், பார்த்துவிட்டுச் சொல்வார்களாம். பெண் பார்க்கும் படலம் மாதிரி போட்டோ அனுப்பினோம். பதிலே வரவில்லை. உங்கள் வண்டி பழசு என்றால் போனில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

2019-இல் வடக்கே. மினசோட்டாவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் கிராண்ட் மரே என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். ஊர் நிர்வாகமே நடத்தும் முகாம் அங்கே படகுத் துறையை ஒட்டியே இருக்கிறது, கடைத்தெருவுக்கு நடந்தே போகலாம். ஏரி ஐஸ் பெட்டி மாதிரி. கரையில் நின்றால் ஸ்வெட்டர், ஒரு மைல் உள்ளே போனால் அரைக்கைச் சட்டை. அதே ஊரில் 1997-இல் தொடங்கிய நார்த் ஹவுஸ் என்ற கைத்தொழில் பள்ளி இருக்கிறது. படகு கட்டுவது, ரொட்டி சுடுவது, கூடை முடைவது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். என் மனைவி ஒருநாள் கூடை வகுப்புக்குப் போய், கூடையோடு இரண்டு சிநேகிதிகளையும் கொண்டுவந்தாள். பார்க்குக்குள் ஆள் இல்லையென்றால் பக்கத்து ஊரில் தேட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது அப்போதுதான். அங்கிருந்து மிச்சிகனின் மேல் தீபகற்பத்துக்குப் போனோம். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் கொசுவும் கடிக்கிற ஈயும் சேர்ந்து மாலை நேரத்து நாற்காலி அரட்டையைக் கொன்றுவிட்டன.

அரசு முகாம்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவர்களும் 62 வயது ஆனதும் வாங்கக்கூடிய முதியோர் பாஸ் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கச் செல்லும், 80 டாலர். 2017 ஆகஸ்ட் வரை பத்து டாலருக்குக் கொடுத்தார்கள், நாங்கள் கொஞ்சம் பிந்திவிட்டோம். தேசியப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, மத்திய அரசின் பல முகாம்களில் இரவுக் கட்டணம் பாதி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் அங்கே பொதுவாகப் பதினான்கு நாளுக்கு மேல் தங்க விடமாட்டார்கள். பக்கத்து இடத்துக்காரரின் நாய்ப் பெயர் மனசில் பதிவதற்குள் அவர் கிளம்பிவிடுவார். கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் சேர்ந்து கிடைப்பதும் அரிது. குளிர் உண்டு, மரம் உண்டு, கூட்டாளி கிடையாது.

இந்தப் பதினான்கு நாள் சிக்கலுக்கு ஒரு மாற்று வழி, முகாம் உதவியாளராகச் சேர்வது. 2021-இல் ஆரிகன் கடற்கரையில் மாநிலப் பூங்கா ஒன்றில் ஒரு மாதம் இருந்தோம். வாரத்துக்கு இருபது சொச்சம் மணி நேர வேலை, பதிலுக்கு எல்லா இணைப்பும் உள்ள இடம் இலவசம். அடுப்புக் குழிகளில் சாம்பல் அள்ளுவது, விறகு விற்பது, “கழிவறை எங்கே?” என்று கேட்பவர்களுக்கு வழி சொல்வது. பொறியியல் படித்துவிட்டுச் சாம்பல் அள்ளுகிறாயா என்று தம்பி சென்னையிலிருந்து கிண்டல் செய்தான். ஆனால் அங்கே இருந்த மற்ற உதவியாளர் தம்பதிகள் மூவர் இன்றும் எங்களோடு பேசுகிறார்கள். ஜூலையில் அந்தக் கரையில் வெப்பம் ஃபாரன்ஹீட்டில் அறுபதுகளிலேயே நிற்கும். மத்தியானம் ஆனால் காற்று பிய்த்து எடுக்கும். வெயிலே படாமல் மூன்று நாள் மூடுபனி கிடந்தால் மனைவிக்கு முழங்கால் வலி தொடங்கிவிடும். அதனால் திரும்பப் போகவில்லை.

அதே வருடம் வாஷிங்டன் மாநிலத்தில் போர்ட் டவுன்செண்ட் அருகே சிமக்கம் என்ற ஊரில் சில வாரங்கள் தங்கினோம். எஸ்கேப்பீஸ் என்று ஆர்விக்காரர்களின் சங்கம் ஒன்று 1978-இலிருந்து இருக்கிறது, தலைமையகம் நம் டெக்சாஸின் லிவிங்ஸ்டன். அதன் உறுப்பினர்கள் கூட்டுறவாக நடத்தும் பார்க்குகளில் ஒன்று சிமக்கத்தில். ஒலிம்பிக் மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் சியாட்டிலைவிட அங்கே மழை மிகக் குறைவு, ஜூலையிலும் எழுபதுகளின் தொடக்கம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது வானிலையை அல்ல. மாலையில் ஆளாளுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்தில் கூடுகிறார்கள். புதிதாக வந்தவர் எழுந்து பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நிகழ்ச்சி. மேசை, மைக், வண்ணக் காகிதம் எதுவும் இல்லை. மறுநாள் காலை நான்கு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பார்க் நிர்வாகம் ஏற்பாடு செய்யும் நிகழ்ச்சிக்கும் இருப்பவர்களே நடத்திக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு பார்க்குகளுக்குப் போன் செய்யும்போது நீச்சல்குளம் இருக்கிறதா என்று நான் கேட்பதே இல்லை. கோடை முழுக்கத் தங்குகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் போன வருடமும் வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறேன். போன ஜூலை மாத நிகழ்ச்சி அட்டவணையை அனுப்பச் சொல்கிறேன். வரப்போகிற ஜூலைக்கு யார் வேண்டுமானாலும் அழகாக எழுதலாம். சீட்டுக் கச்சேரியை யார் நடத்துகிறார் என்று கேட்டால் “எங்கள் ஊழியர்” என்று வந்தால் யோசிப்பேன், “இருபத்தேழாம் எண்ணில் இருக்கிற அம்மா” என்று வந்தால் உடனே முன்பணம்.

அப்படிக் கிடைத்ததுதான் கொலராடோவின் சவுத் ஃபோர்க். ரியோ கிராண்டே ஆற்றங்கரை, சுமார் 8,200 அடி. 2022 முதல் மூன்று கோடையும் ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுவரை ஒரே பார்க்கில் இருந்தோம். வெப்பம் பகலில் 80 ஃபாரன்ஹீட்டை ஒட்டி நிற்கும், இரவில் நாற்பதுகளுக்கு இறங்கும். ஊட்டியைவிட உயரம், ஆனால் அந்த ஈரக் குளிர் இல்லை, வறண்ட காற்று. உதடு வெடிக்கும். அங்கே இருப்பவர்களில் பாதிக்கு மேல் டெக்சாஸ், ஓக்லஹோமாக்காரர்கள், எங்களைப் போலவே வெயிலுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள். மாத வாடகை என்பதால் நாள் வாடகையைவிட மிகவும் மலிவு, மின்சாரத்துக்கு மட்டும் தனி மீட்டர்.

காலையில் பிக்கிள்பால் (சின்ன மைதானத்தில் மட்டையால் ஆடும் டென்னிஸ் மாதிரி ஆட்டம்), செவ்வாய் மாலை யூகுலேலே என்ற குட்டி கிதார் வாசிப்பு, வெள்ளிக்கிழமை அவரவர் ஒரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்து. ஜூலை, ஆகஸ்டில் மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் இடியும் மழையும் வந்துவிடும். அதனால் அந்த நேரம் சீட்டுக்கு. அங்கே எல்லோரும் ஆடுவது பெக்ஸ் அண்ட் ஜோக்கர்ஸ் என்று ஒரு ஆட்டம். மரப்பலகையில் துளைகள், குச்சிகள், சீட்டு எண்ணுக்கு ஏற்ப நகர்த்தி வீடு சேர்க்க வேண்டும், வழியில் எதிரியின் குச்சி மேல் விழுந்தால் அது திரும்பவும் தொடக்கத்துக்குப் போகும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மனைவி காதில் சொன்னாள்: “ஏங்க, இது நம்ம தாயம்தானே? கட்டைக்குப் பதில் சீட்டு.” அதற்கப்புறம் அவளை ஜோடியாகச் சேர்த்துக்கொள்ளப் போட்டி. வெட்டுவதில் இரக்கமே கிடையாது.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாட்லக்கில் பத்துப் பாத்திரத்தில் எட்டில் கறி இருக்கும், பீன்ஸில்கூடப் பன்றி இறைச்சித் துண்டு ஒளிந்திருக்கும். நாங்கள் எலுமிச்சை சாதம் கொண்டுபோவோம், மிளகாயைக் குறைத்து. அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு ஜென்மத்துக்கும் வேகாது. குக்கர் இல்லாமல் கிளம்பாதீர்கள். தோசை மாவு இரவுக் குளிரில் புளிக்காது, இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சாரக் குக்கரில் தயிர் பட்டனை அழுத்தி உள்ளே வைத்தால் புளித்துவிடும்.

நாங்கள் ஒரே இந்தியத் தம்பதி. முதல் வாரம் எல்லோரும் மரியாதையாகத் தள்ளி நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கின் பொதுக் கூடமான கிளப் ஹவுஸில் பிரார்த்தனை நடக்கும், பல நட்புகள் அதன் வழியாகத்தான் உருவாகின்றன என்பது உண்மை. நாங்கள் பிரார்த்தனைக்குப் போவதில்லை, முடிந்ததும் காப்பிக்குப் போவோம். அது போதுமாக இருந்தது. அரசியல் பேசக்கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அதை மீறியவர்களைச் சீட்டு மேசைக்கு அப்புறம் யாரும் கூப்பிடுவதில்லை.

பக்கத்து ஊர் கிரீட் இன்னும் உயரம், 8,800 அடி. பழைய வெள்ளிச் சுரங்க ஊர். 1966-இலிருந்து ஒரு நாடகக் குழு கோடைதோறும் நாடகம் போடுகிறது. பார்க்கிலிருந்து ஐந்தாறு பேராகக் காரில் போய்ப் பார்ப்போம். அந்த அத்துவானத்தில் அவ்வளவு நல்ல நடிப்பை எதிர்பார்க்கவே மாட்டீர்கள்.

குறைகளும் உண்டு. முதல் மூன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்காது, தலைவலி. இப்போதெல்லாம் அமரில்லோவில் ஓர் இரவு, ஆறாயிரம் அடியில் டிரினிடாட்டில் இரண்டு இரவு தங்கி மெதுவாகத்தான் ஏறுகிறோம். இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இங்கே மாதக்கணக்கில் தங்கக் கூடாது. சின்ன ஆஸ்பத்திரி டெல் நோர்ட்டில், பதினைந்து மைல். காட்டுத்தீ பயம் வேறு. 2013 ஜூனில் வெஸ்ட் ஃபோர்க் தீயின்போது சவுத் ஃபோர்க் ஊரையே காலி செய்ய வைத்தார்கள். அதனால் டிரக்கில் டீசல் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை, மருந்துப் பையும் பாஸ்போர்ட்டும் கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கும்.

இன்னொன்று, இடம் கிடைப்பது. நல்ல பார்க்கில் போன வருடத்தவர்கள் கிளம்பும்போதே அடுத்த கோடைக்கு அதே இடத்துக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். ஏப்ரலில் போன் செய்தால் சிரிப்பார்கள். செப்டம்பரில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, பிப்ரவரி, மார்ச்சில் மறுபடி நினைவூட்ட வேண்டும். வயதானவர்கள் “இந்த வருஷம் ஓட்ட முடியாது” என்று முடிவெடுப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

எங்களுக்கு மூன்று வருடமும் கிடைத்தது சாலையோரத்து இடம். ஆற்றங்கரை இடம் ஒன்று காலியானால் சொல்லுங்கள் என்று கேட்டு வைத்திருந்தோம். போன பிப்ரவரியில் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள், இருபத்தேழாம் எண் காலியாக இருக்கிறது, வேண்டுமா என்று. மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. சீட்டு மேசையை நடத்திவந்த அம்மாவின் இடம் அது. மகன் வீட்டோடு போய்விட்டாராம், வண்டியை விற்றாயிற்றாம், பலகையையும் குச்சிகளையும் கிளப் ஹவுஸ் அலமாரியில் எங்கள் பெயர் எழுதி வைத்திருக்கிறாராம்.

சரி என்று சொல்லிவிட்டோம்.